ஆச்சியும் சாளைப் பேணியும்

கடல் சூழ்ந்த தீவொன்றில் இருந்துகொண்டு தகரப்பேணியில் அடைத்த மீனைப் பற்றி எழுதப் புகுந்தால், உப்பளத்தில் நின்று உப்பு இரவல் கேட்பவன் என்று சிலர் என்னை நகைக்கக்கூடும். ஆயினும், சென்ற ஆடி மாதத்தில் எமது கரம்பொன்னிலே எழுந்த ஒரு சிறு வழக்கு, இக்கிழமை இப்பகுதியை அப்பொருளுக்கே ஒதுக்கும்படி என்னைத் தூண்டியது. வழக்காளி, எண்பதைத் தாண்டிய ஓர் ஆச்சி. எதிர்வழக்காளி, நோர்வே நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய பேரன். வழக்குப் பொருள், உள்ளங்கை அளவான ஒரு தகரப்பேணி. வேலியோரத்தில் நின்ற பாவத்தினால், தீர்ப்புக் கூறும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மாலை நாலரை மணி இருக்கும். பேரன் திண்ணையில் அமர்ந்து, பேணியின் மூடியிலிருந்த வளையத்தை இழுத்துத் திறந்தான். எண்ணெயில் ஊறிய சின்னஞ்சிறு மீன்கள், ஒரே பாயில் நெருங்கிப் படுத்த பிள்ளைகளைப் போல வரிசையாகக் கிடந்தன. பாண் துண்டொன்றின் மேல் இரண்டை எடுத்து வைத்து, முள்ளையும் நீக்காமல் உண்ணத் தொடங்கினான். ஆச்சி பதறிப்போனார்.

"உதென்னடா மோனை! சமைக்காமல், முள்ளும் எடுக்காமல் தின்னுறாய்?"

"இது சமைச்சதுதான், ஆச்சி. முள்ளும் மெத்தெண்டு இருக்கு. நீங்களும் ஒண்டு சாப்பிட்டுப் பாருங்கோ."

"எனக்கு வேண்டாம். கடலுக்கு நடுவிலை குடியிருந்துகொண்டு, தகரத்துக்கை கிடக்கிற மீனைத் தின்ன எனக்கென்ன விதியே? உது அகதிச் சாப்பாடு!"

கடைசிச் சொல் என் செவியில் தைத்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, அவ்வாச்சியும் பிள்ளைகளோடு ஊரைவிட்டு அகன்றவர். அந்நாட்களில் எவரோ இரங்கிக் கொடுத்த ஒரு ரின் மீனை ஒன்பது பேர் பகிர்ந்து உண்டதை அவர் எனக்கு முன்னரும் கூறியிருக்கிறார். அன்று தொட்டு அப்பேணி அவருக்கு உணவாகத் தோன்றவில்லை. வீடிழந்த நாளின் அடையாளமாகவே தோன்றிற்று. அந்த வெறுப்பில் நியாயம் உண்டு. அதனை நகைப்பதற்கு எமக்கு உரிமை இல்லை.

ஆனால் அதே ஆச்சியின் அன்றாட உணவு யாதென்று அறிந்தால் நீங்களும் கவலைப்படுவீர்கள். பிள்ளைகள் மூவரும் மூன்று நாடுகளில் வாழ்கின்றனர். நாற்சார் வீட்டில் அவர் தனியே இருக்கிறார். காலையில் பாணும் வெறுந்தேநீரும். நண்பகலில் சோறும் ஒரு மரக்கறியும். மாலையில் இரண்டு பிஸ்கற்று. "ஒருத்திக்கெண்டு மீன் வாங்கி, வெட்டிக் கழுவிக் கறி வைக்க வேணுமோ, தம்பி?" என்பது அவர் கேள்வி. சோளகம் வீசும் மாதங்களிலும் வாடை சீறும் மாதங்களிலும் படகுகள் பல நாள் கரையிலேயே கிடக்கும். மீன்காரரின் குரல் ஒழுங்கையிற் கேளாது. கேட்கும் நாள் வெள்ளிக்கிழமையாகவோ விரத நாளாகவோ அமைந்துவிடும். ஆக, கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், கிழமைக் கணக்காக அவர் வாயில் ஒரு துண்டு மீன் படுவதில்லை. தீவகத்திலே இவ்வாறு தனித்து வாழும் முதியோர் ஒருவர் இருவர் அல்லர். எனவே, "தகரப்பேணி மீன் தகுந்த உணவா?" என்பதை வேடிக்கைக் கேள்வியாக நான் எண்ணவில்லை.

முதலில் இப்பேணியின் பிறப்பைக் கூறிவிடுகிறேன். பிரான்சு தேசத்தில், உணவைக் கெடாமற் காக்கும் வழி கண்டவர்க்கு வழங்கிய 12,000 பிராங்கு பரிசை 1810ஆம் ஆண்டிற் பெற்றவர் நிக்கொலாஸ் அப்பேர் என்னும் சமையல் வல்லுநர். அவர் உணவைக் கண்ணாடிக் குப்பிகளில் இட்டு, இறுக அடைத்து, கொதிநீரில் நெடுநேரம் வேகவைத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்திலே பீற்றர் டுராண்ட் என்பவர் தகரப்பேணிக்கு உரிமம் பெற்றார். உணவு ஏன் கெடாதிருந்தது என்பது அவ்விருவருக்கும் தெரியாது. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே உணவைக் கெடுப்பன என்று லூயி பாஸ்ரர் விளக்கியது ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னரே. பேணியைத் திறக்கும் கருவிகூட உடனே வந்துவிடவில்லை; அமெரிக்காவில் அதற்கொரு உரிமம் 1858இலேதான் பதிவாயிற்று. அதுவரை மக்கள் உளியும் சுத்தியலும் கொண்டே பேணியை உடைத்தனர். சாளை இனத்து மீனைப் பேணியில் அடைக்கும் தொழில் பிரான்சின் நாந்து நகரில் 1820களில் வேரூன்றிற்று.

நோர்வேயில் அப்பேரன் வசிக்கும் ஸ்தவாங்கர் நகரம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இத்தொழிலுக்குப் பேர்பெற்று விளங்கியது. அங்குள்ள பழைய ஆலையொன்று பின்னாளில் அத்தொழிலின் அரும்பொருட்சாலையாயிற்று. மீனால் அந்நாட்டுக்கும் எமக்கும் நேர்ந்த உறவும் புதிதன்று. 1956இல் நோர்வேயை அடைந்த யாழ்ப்பாணத்து இளைஞர் அந்தோனி இராசேந்திரமும் அவருடைய நோர்வே நண்பர்களும் எடுத்த முயற்சியால், 1960களின் பிற்பகுதியிலே காரைநகரில் சீநோர் நிறுவனம் தோன்றி, மீனவர்க்குப் படகுகள் கட்டிற்று. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று நோக்கினால், கடற்கோட்டைக்கு அப்பால் தெரிவது அந்தக் காரைநகரே. ஆச்சியின் கணவர் அந்தப் படகுகளை நன்கறிந்தவர். இதனை நான் நினைவூட்டியபோது ஆச்சியின் முகத்தில் ஒரு தளர்வு தெரிந்தது. ஆனாலும் வழக்கை அவர் மீளப் பெறவில்லை.

"சரி தம்பி, படகு நல்லது. மீன் நல்லதோ? அதைச் சொல்லும்."

பேரன் சொன்னது உண்மையே. பேணியில் உள்ள மீன் பச்சை மீன் அன்று. பேணியை மூடி முத்திரையிட்ட பின், அழுத்தமுள்ள நீராவியிலே ஏறத்தாழ 115 முதல் 121 பாகை வெப்பத்தில் அது வேகவைக்கப்படுகிறது. அந்த வெப்பமே நோய்க் கிருமிகளை அழிக்கிறது. அதுவே முள்ளையும் வாயில் நொருங்கும்படி மெதுவாக்குகிறது. மருந்து கலந்தே மீன் கெடாதிருக்கிறது என்ற எண்ணம் எம்மிடையே பரவலாக உண்டு, அது தவறு. வெப்பமும் காற்றுப் புகாத அடைப்புமே காவல்.

அந்த மெத்தென்ற முள்ளிலேதான் ஆச்சிக்கு வேண்டிய செல்வம் இருக்கிறது. முள்ளோடு உண்ணும் 100 கிராம் சாளைப் பேணி மீனில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதே அளவு பசுப்பாலில் உள்ளது ஏறத்தாழ 120 மில்லிகிராம். முள்ளை எடுத்தெறிவோர் அச்செல்வத்தின் பெரும்பகுதியைக் குப்பையில் இடுகின்றனர். புரதம் ஏறக்குறைய 25 கிராம். இரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய விற்றமின் பி12, ஒரு நாளின் தேவையைப் போல மும்மடங்குக்கு மேல் உண்டு. எலும்புக்குக் கல்சியத்தைச் சேர்ப்பிக்கும் விற்றமின் டி, ஒரு நாளின் தேவையில் மூன்றில் ஒரு பங்கு அளவு கிடைக்கும். வெயிலில் அதிகம் இறங்காத முதியோர்க்கு இது சிறிய உதவியன்று. இருதயத்துக்கு நலம் செய்யும் ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் சுமார் ஒரு கிராம் உள்ளன. இவை சராசரிக் கணக்குகள். பேணிக்குப் பேணி சிறிது மாறும். இன்னுமொரு நன்மை: சாளை போன்ற மீன்கள் சிறியவை, குறுகிய ஆயுள் உடையவை, கடலின் நுண்ணுயிர்களை உண்டு வாழ்பவை. ஆதலால், பெருமீன்களின் உடலிற் சேரும் இரசம் இவற்றில் மிகக் குறைவு.

இவ்வளவும் நான் கூறக் கேட்ட ஆச்சி, "அப்ப கடையிலை கிடக்கிற எல்லா ரின்னும் நல்லதுதானோ?" என்றார். இது பேரனின் வாயையும் என் வாயையும் ஒருங்கே அடைத்த கேள்வி. ஏனெனில், உண்மையைச் சொன்னால், நானும் இத்தனை ஆண்டுகளாகப் பேணியின் மேலுள்ள படத்தையும் விலையையும் பார்த்தே வாங்கி வந்தவன். அன்றிரவு வீட்டு அலுமாரியில் இருந்த பேணிகளை மேசையில் அடுக்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளுடன் ஒவ்வொன்றாக வாசித்தேன். மாணவர்களாகிய வாசகர்களும் இதனைச் செய்து பார்க்கலாம்.

முதலாவது, மீனின் பெயர். நம் கடைகளில் 'ரின் மீன்' என்று விற்கப்படும் பெரிய பேணிகளிற் பல சாளை அல்ல. கும்பளாவின் உறவினமாகிய மக்கரல், அல்லது நம் பாரையின் குடும்பத்தைச் சேர்ந்த ஜாக் மக்கரல். அவையும் நல்ல மீன்களே. ஆயினும் வாங்குபவர் தாம் வாங்குவது இன்னதென அறிதல் வேண்டும். 'சாடின்' என்ற பெயரும் ஒரே மீனைக் குறிப்பதன்று. அனைத்துலக உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழு, அப்பெயரில் விற்கத்தக்கனவாக இருபது வரையான மீனினங்களைப் பட்டியலிட்டுள்ளது. ஐரோப்பியச் சாளை ஒன்றே தனிப்பெயரோடு வரலாம். ஏனையவை நாட்டையோ இனத்தையோ குறிக்கும் அடைமொழியுடன் வரவேண்டும். பெரு நாட்டு மீனுக்கு அப்பெயரை மறுத்த ஐரோப்பியச் சமூகத்தை எதிர்த்து, பெரு உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்காடி, 2002ஆம் ஆண்டில் வென்றது. ஒரு சிறுமீனின் பெயருக்காக நாடுகள் வழக்காடின என்றால், ஆச்சி வழக்காடியதில் வியப்பென்ன? நோர்வேயின் சிறுமீனும் அப்பட்டியலில் உண்டு; எமது கரையிற் பிடிபடும் சாளை இனமும் உண்டு.

இரண்டாவது, நிறை. பேணியில் இரண்டு நிறைகள் குறிக்கப்பட்டிருக்கும். 425 கிராம் என்று பெரிதாக எழுதியிருப்பது மீனும் சாறும் சேர்ந்த நிறை. சாற்றை வடித்த பின் எஞ்சும் மீனின் நிறை பெரும்பாலும் 280 கிராம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஆகவே மூன்றில் இரண்டு பங்குக்கே நாம் மீன் விலை கொடுக்கிறோம். இரண்டு பேணிகளின் விலையை ஒப்பிடும்போது வடித்த நிறையைக் கொண்டே ஒப்பிடுதல் வேண்டும். கணிதம் கற்கும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, மீன் ஊறிக் கிடக்கும் பொருள். எண்ணெய், தக்காளிச் சாறு, உப்புநீர் என மூவகை உண்டு. எண்ணெயில் இட்டது சுவை மிக்கது. வடித்து உண்டால் நன்று. உப்புநீரில் இட்டதை ஒருமுறை கழுவினால் உப்புச் சிறிது குறையும். உலக சுகாதார நிறுவனம் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. 100 கிராம் பேணி மீனிலேயே ஒரு கிராம் அளவு உப்பு இருக்கக்கூடும். இரத்த அமுக்கம் உடையோர் இதை மனத்திற் கொள்க. அன்று கறிக்கும் சம்பலுக்கும் உப்பைக் குறைத்துவிடலாம்.

நான்காவது, திகதியும் முத்திரையும். உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் ஆகிய மூன்றும் தெளிவாக இருத்தல் வேண்டும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் ரின் மீனுக்கு வகுத்துள்ள கட்டளையின் இலக்கம் 591. அந்நிறுவனத்தின் எஸ். எல். எஸ். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாவது, பேணியின் உடல். ஊதிப் பருத்த பேணியை விலை குறைத்துத் தந்தாலும் வாங்கற்க. உள்ளே கிருமி வளர்ந்து வாயு உண்டானதன் அடையாளம் அது. பொருத்து விளிம்பில் நெளிந்ததும், கசிந்ததும், ஆழத் துருவேறியதும் ஆகா. உப்புக் காற்று வீசும் தீவகத்தில் துரு விரைவில் ஏறும். வீட்டிலும் பேணிகளை உலர்ந்த அலுமாரியில் வைத்து, முன்னர் வாங்கியதை முன்னர் எடுத்தல் நலம். திறந்தபின் மிஞ்சியதைத் தகரத்திலேயே விடாமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளைக்குள் உண்டு முடிக்க. திறந்ததும் துர்நாற்றம் வீசினாலோ, நாவில் மிளகைக் கடித்தது போன்ற எரிவு தோன்றினாலோ, எறிந்துவிடுங்கள். மீன் பேணிக்குள் போகுமுன் வெயிலிற் கிடந்து கெட்டிருந்தால் ஹிஸ்ரமின் என்னும் பொருள் அதில் உண்டாகும். அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. முகம் சிவத்தல், தடிப்பு, தலையிடி ஆகியவற்றை உண்டாக்கும். "நல்லாக் கொதிக்க விட்டால் சரி" என்னும் அடுக்களை நியாயம் இங்கே செல்லாது.

யாவர்க்கும் ஏற்ற உணவென்று ஒன்றில்லை. யூரிக்கமிலம் மிகுந்து மூட்டு வீங்குவோர், சிறுநீரக நோயுடையோர், மீன் ஒவ்வாதோர் ஆகியோர் வைத்தியரைக் கேட்டே உண்ணல் வேண்டும். புலால் மறுத்த குடும்பத்தினர் இவ்வாரம் என்னைப் பொறுத்தருள்க. எள்ளும் குரக்கனும் கீரையும் தரும் கல்சியத்தைப் பற்றிப் பிறிதொரு கிழமை பேசுவோம்.

இனி உண்ணும் முறை. ரின் மீன் என்றதும் எமது வீடுகளில் கட்லற் உருட்டி எண்ணெயிற் பொரிப்பதே வழக்கம். விருந்துக்கு அது நன்று. ஆனால் மாலைச் சிற்றுணவுக்கு அவ்வளவு பாடு வேண்டியதில்லை. மீனை வடித்து, முள்ளோடு முள்ளுக்கரண்டியால் மசித்து, பொடியாக அரிந்த வெங்காயமும் ஒரு பச்சை மிளகாயும் சேர்த்து, சிறிது மிளகுதூள் தூவி, தேசிக்காய்ப்புளி விட்டால் ஐந்து நிமிடத்தில் ஆயிற்று. வாட்டிய பாணுடன் உண்ணலாம். குரக்கன் ரொட்டியுடன் உண்ணலாம். அவித்த மரவள்ளிக் கிழங்குடன் உண்டால் அதன் பொருத்தமே தனி. பள்ளிக்கூடத்தால் பசியோடு வரும் பிள்ளைக்குப் பொதியில் அடைத்த பொரியலைக் கொடுப்பதிலும் இது எத்தனையோ மடங்கு மேலானது. கிழமைக்கு இரண்டு நாள் மீன் போதும் என்பதே பல நாட்டு உணவு ஆலோசனைகளின் கருத்து. அந்த இரண்டு நாளும் கரையில் துள்ளும் சாளையும் சூடையும் கிடைக்குமாயின், பேணியைத் தொடவே வேண்டாம். எமது மீனவரின் உழைப்பை மறந்து தகரத்தைத் தேடுமாறு நான் கூறவில்லை. படகு இறங்காத நாளிலும், தனியொருவர்க்கு உலை வைக்க மனம் வராத நாளிலும் அலுமாரியில் ஒரு பேணி காத்திருக்கட்டும் என்பதே என் தீர்ப்பு.

தீர்ப்பை அறிவிக்க மறுநாள் மாலை நான் சென்றபோது, ஆச்சி அடுக்களையில் இருந்தார். பேரன் கொண்டுவந்த கடைசிப் பேணி திறந்து கிடந்தது. மீனைக் கிண்ணத்தில் இட்டு, தம் கைப்பக்குவத்தில் வெங்காயமும் தேசிக்காய்ப்புளியும் சேர்த்துப் பிசைந்திருந்தார். பேரன் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஆச்சி ஒரு வாய் உண்டார். சிறிது நேரம் மென்றார்.

"அண்டைக்கு ஒன்பது பேர் பங்கிட்டது. இண்டைக்கு நான் ஒருத்தி," என்றார்.

நாங்கள் இருவரும் மறுமொழி கூறவில்லை. பின்னர் அவரே, "முள்ளு உண்மையிலேயே மெத்தெண்டுதான் இருக்கு, மோனை. உப்புத்தான் கொஞ்சம் கூட," என்று கூறி, கிண்ணத்தைப் பேரன் பக்கம் தள்ளினார்.

பேரன் போய் மாதங்கள் ஆகின்றன. இப்பொழுது ஆச்சியின் அலுமாரியில் இரண்டு பேணிகள் எப்பொழுதும் இருக்கின்றன. ஊர்காவற்றுறைக் கடையில் வாங்கி வருபவன் நான். அவருக்குச் சிறிய எழுத்துத் தெரிவதில்லை. ஆகையால் வாங்கி வந்ததும் திண்ணையில் இருந்து மீனின் பெயரையும் வடித்த நிறையையும் திகதியையும் உரக்க வாசித்துக் காட்டுதல் என் கடமை. ஒருமுறை திகதியைச் சொல்ல மறந்தேன். பேணி என் கைக்கே திரும்பி வந்தது.

உங்கள் அயலிலும் தனித்து வாழும் ஓர் ஆச்சியோ அப்புவோ இருக்கலாம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அவருக்கும் ஒரு பேணி வாங்குங்கள். கொடுத்துவிட்டு வந்துவிடாமல், சிறிது நேரம் இருந்து அதை வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.